உண்டியலுக்கு முன் உறவு



தமிழ்ப் பள்ளிக்குக் கூரை போடவோ, நோயுற்ற தொழிலாளிக்கு உதவவோ நிதி திரட்டும்போதெல்லாம், "மற்ற இனத்தார் நமக்கா கொடுக்கப்போகிறார்கள்?" என்ற பேச்சு தோட்டங்களில் எழுகிறது. இது வீண் பேச்சு. கொடுக்கும் மனம் எந்த இனத்துக்கும் தனியுடைமை அல்ல.

1954ல் சிங்கப்பூரில் சைக்கிள் ரிக்ஷா மிதித்த சீனத் தொழிலாளர்கள் தங்கள் ஒரு நாள் வருமானத்தை நன்யாங் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார்கள். கோடீஸ்வரர் டான் லார்க் சை 50 லட்சம் வெள்ளி தர முன்வந்த அதே காரியத்திற்கு, வியர்வைக் காசும் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வாழ, கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு நம் மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். இருவரையும் கொடுக்க வைத்தது எது? கேட்டவர் தம்மவர் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இன எல்லை தாண்டி வளர்ப்பதே நம் வேலை.

எப்படி வளர்ப்பது? முதலில் அவரவர் முறையை அறிவோம். அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்து நிதி திரட்டினால் இஸ்லாமியச் சகோதரர் சேரமுடியாது. அவர்கள் மார்க்கம் சூதை விலக்கியிருக்கிறது. ஜக்காத் பணம் இன்னின்னாருக்கே என்று எட்டு வகை விதித்திருக்கிறது; ஆகவே மனமுவந்து தரும் தர்மத்தைக் கேட்பதே முறை. நோன்பு மாதத்தில் பகலில் தேநீர் விருந்து வைத்து அழைப்பது அழகல்ல. சீனக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்குமுன், அவர்கள் மதிக்கும் பெரியவரைக் கண்டு பேசுவோம். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தில் வாழும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளியிடம் தொகை குறித்துக் கேட்பது கொடுமை. அவர் தரும் ஒரு வெள்ளியும் பெரிது.

அடுத்தது கணக்கு. கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. ஒரு வெள்ளிக்கும் ரசீது வேண்டும். வரவு செலவை மலாயிலும் சீனத்திலும் எழுதி ஒட்டவேண்டும். கணக்குக் காட்டாத உண்டியலுக்கு மறுமுறை காசு விழாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அவர்கள் பள்ளிவாசலுக்கோ சீனப் பள்ளிக்கோ நிதி திரட்டும்போது நாம் எத்தனை முறை கொடுத்தோம்? அவர்கள் வீட்டுத் துக்கத்திற்கு எத்தனை பேர் போனோம்? தேவை வந்த அன்று மட்டும் கதவைத் தட்டுகிறவன் அந்நியன். நல்லது கெட்டதற்கு வந்து நிற்பவனே சொந்தக்காரன்.

ஆகவே தோழர்களே, அடுத்த உண்டியலை எடுக்குமுன் அண்டை வீட்டாரின் உண்டியலில் நம் காசு விழட்டும்!