பன்னிரண்டு அடிச் சுவர்



நம் சிறுகதைகளுக்கு வழக்கமாகப் படம் வரையும் கை இந்த இதழில் இல்லை என்பதைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த ஓவியர் நலமாக இருக்கிறார். சென்னையில் நடக்கவிருக்கும் ஒரு குழுக் கண்காட்சிக்காக, தன் படங்களோடு அறைக்குள் அடைந்து கிடக்கிறார். நண்பர்கள் சிலர் சேர்ந்து கூடம் எடுத்திருக்கிறார்கள். வாடகையைப் பங்கிட்டுக்கொண்டது போலவே சுவரையும் பங்கிட்டுக்கொண்டார்கள். இவர் பங்குக்கு வந்தது பன்னிரண்டு அடி.

"பன்னிரண்டு அடின்னா நிறையன்னுதான்க்கா நெனச்சேன். அளந்து பார்த்தாதான் தெரியுது" என்றார்.

இவர் சில காலமாகப் பத்தமடைப் பாய் நெய்யும் பெண்களை வரைந்துகொண்டிருக்கிறார். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, ஊறவைத்து, இழையாகக் கீறி, சாயம் ஏற்றி நெய்கிற வேலை. அந்த வரிசையில் ஐந்தடி அகலத்தில் ஒரு படம் இருக்கிறது. கருநீலத்தில் மூழ்கிய தறி, அதன்மேல் குனிந்த ஒரு முதுகு, கீழ்மூலையில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அவர் இதுவரை வரைந்ததிலேயே சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம். அவருடைய எண்ணமும் அதுவே. ஆனாலும் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்.

காரணம் கேட்டேன். பக்கத்துச் சுவர் ஒரு மூத்த நண்பருடையதாம். அவர் தாளில் மெல்லிய கோடுகளால் வரைகிறவர். கிட்டே போய் நின்றால்தான் அந்தக் கோடுகள் கண்ணுக்குப் பிடிபடும். இவருடைய நீலம் அருகே தொங்கினால், உள்ளே நுழைகிறவர் கண் நேராக அதன்மேல் போய் விழும். அந்தக் கோடுகள் இருப்பதே தெரியாமல் போகும். அதனால் பெரிய படத்தை வீட்டில் விட்டுவிட்டு, நான்கு சிறிய படங்களை எடுத்துப்போகிறார்.

இந்த முடிவைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று தோன்றியது. தனிக் கண்காட்சியில் ஓவியருக்குத் தன் படங்களைப் பற்றிய கவலை மட்டும் போதும். குழுக் கண்காட்சியில் அடுத்தவர் படத்தையும் தன் கண்ணில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுவதைப் போன்றது இது. பக்கத்து இலைக்கும் இடம் விட்டுத்தான் கையை நீட்ட முடியும்.

தேர்ந்தெடுத்த பிறகு இருக்கும் வேலை வெளியே தெரியாது. நான்கில் இரண்டு எண்ணெய் வண்ணம். தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவே நாள்கணக்காகும். வண்ணம் தடிமனாக இருந்தால் வாரக்கணக்கு. முழுதாக உலர்ந்து வார்னிஷ் பூச மாதங்கள் காத்திருக்க வேண்டும். அக்ரிலிக் அப்படியில்லை, மெல்லிய பூச்சு என்றால் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். தேதி நெருங்கும்போது பலர் அக்ரிலிக்குக்கு மாறுவது இதனால்தான். பிறகு சட்டம் போடும் கடைக்கு அலைய வேண்டும். படத்தின் முதுகில் இரண்டு வளையம் திருகிக் கம்பி கட்ட வேண்டும். மூலைகளுக்கு அட்டை கொடுத்துக் குமிழித் தாளில் சுற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி, வேகத்தடை வரும் இடமெல்லாம் ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே கூடம் போய்ச் சேர வேண்டும்.

அங்கே மாட்டுவது தனிக் கலை. நின்று பார்க்கிறவரின் கண்மட்டத்துக்குப் படத்தின் நடுப்பகுதி வர வேண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலம் என்பது பல கூடங்களில் வழக்கம். சிறிய படங்களை நெருக்கி வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். விலகி வைத்தால் அநாதையாக நிற்கும். கடைசியாக ஒவ்வொன்றின் கீழும் சிறு அட்டையில் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, விலை. விலை போடும் இடத்தில்தான் எங்கள் ஓவியருக்குக் கை ஓடவில்லை. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிச் சதுர அங்குலக் கணக்கில் விலை வைப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி, அவருக்கு மிகப் பிடித்த சின்னப் படம் நான்கிலும் மலிவாகிவிடுகிறது!

இப்படிச் சுவரைப் பகிர்ந்துகொண்டவர்களில் பாரிஸ் ஓவியர்களின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியின் நடுவர்களை நம்பியிராமல், மோனே, ரென்வார், பிசாரோ, தெகா முதலியவர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 60 பிராங்க் சந்தா என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். புகைப்படக் கலைஞர் நாதார் காலி செய்திருந்த ஸ்டூடியோவில் 1874 ஏப்ரல் 15 அன்று கண்காட்சி திறந்தது. சுமார் முப்பது பேர். படங்களை மாட்டும் பொறுப்பில் பெரும்பகுதி ரென்வார் தலையில் விழுந்தது. சலோனில் தரையிலிருந்து கூரைவரை படங்களை அடுக்குவார்கள். இங்கே அந்த நெருக்கடி வேண்டாம் என்று பார்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவிலும் கூடத்தைத் திறந்து வைத்தார்கள்.

அந்த முப்பது பேரில் ஒரே பெண் பெர்த் மோரிசோ. பத்து ஆண்டுகளாகச் சலோனில் இடம் கிடைத்துக்கொண்டிருந்தவர் அவர். இந்தக் கும்பலோடு சேர வேண்டாம் என்று நண்பரான ஓவியர் மனே சொல்லியும் கேட்காமல் வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்தவற்றில் ஒன்று 'தொட்டில்'. அக்கா எட்மா, தூங்கும் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் படம். அது அப்போது விலைபோகவில்லை. குடும்பத்திடமே இருந்து, 1930-ல்தான் லூவ்ருக்குப் போனது. இன்று ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்காட்சியும் சங்கத்தைக் காப்பாற்றவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு 184 பிராங்க் 50 சென்டீம் கடன், சங்கம் கலைக்கப்பட்டது. அதன் பிறகும் 1886 வரை அவர்களில் பலர் மேலும் ஏழு முறை சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. மோரிசோ ஒன்றே ஒன்றைத்தான் தவறவிட்டார்.

நம் ஊரிலும் இதற்குக் குறைவில்லாத கதை உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு நின்ற இளம் கலைஞர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில், 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் அப்படித்தான் எழுந்தது. பிழைப்புக்குக் கைத்தொழில், மற்ற நேரமெல்லாம் தன் ஓவியம் என்று வாழ்ந்தார்கள். அந்தத் தலைமுறையின் படங்களை அங்கேயே உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அதே சென்னைக் கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலத்தை நம்மில் பலர் அறிந்தது பத்திரிகைப் பக்கங்களில்தான். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அவருடைய கோடுகளும் கூடவே வீட்டுக்கு வந்தன. கதைக்குப் படம் வரைகிறவர் வேறு, ஓவியர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. ஆனால் அச்சில் பார்ப்பது வேறு அனுபவம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தூரிகை போன தடம், வண்ணத்தின் மேடு, கை தயங்கிய இடம் எதுவும் நம் காகிதத்துக்கு வருவதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற கூடங்களின் வாசலைத் தாண்டிப் போகும்போது, இது நமக்கானதல்ல என்று நடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை. படம் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புரியவில்லை என்றால் கேளுங்கள், ஓவியர்களில் யாராவது ஒருவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறவர் அவர். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. உங்களை நிறுத்திவைக்கிற ஒரு படத்தின் முன்னால் கால் வலிக்கும்வரை நில்லுங்கள்.

அடுத்த இதழில் எங்கள் ஓவியர் திரும்பிவிடுவார். அதற்குள் உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ ஏதேனும் கண்காட்சி பார்த்திருந்தால், எந்தப் படத்தின் முன் நின்றீர்கள் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். கடிதங்களை அவரிடம் காட்டுவேன். இடம் இருக்கும் அளவுக்கு வெளியிடவும் செய்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்