ராயபுரம் ஸ்டேஷனை இடிக்கச் சொல்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு வளைகாப்பில் தங்கை மகன் சொன்னான்: "பெரியம்மா, ராயபுரம் ஸ்டேஷன்ல அந்தப் பழைய கட்டடத்தை இடிச்சாத்தான் நம்ம பக்கம் வெளியூர் ரயில் வரும்." பந்தியில் வாதாட வேண்டாமென்று விட்டுவிட்டேன். இங்கே பதில் சொல்கிறேன்.

தம்பி, அந்தக் கட்டடத்தை 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் நிற்கும், மசூலா படகுகளில் சரக்கு கரைக்கு வரும். சென்ட்ரல் வந்ததே 1873-ல்தான்.

1853-ல் ரயில் ஓடிய பம்பாயிலும் தானேயிலும் அந்த முதல் நிலையங்கள் இன்று இல்லை. ஹவுராவில் இருப்பதும் பின்னால் கட்டியது. நாட்டில் இன்னும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம், உயர்ந்த தூண்களோடு, நம் ராயபுரத்தில் இருக்கிறது. இடிப்பதாம்!

"பழைய கட்டடம் இருப்பதால் முனையம் கட்ட முடியாது" என்பது சாக்கு. சென்ட்ரல் பழசு இல்லையா? 1908-ல் திறந்த எழும்பூர் பழசு இல்லையா? அங்கெல்லாம் ரயில் ஓடவில்லையா? அவற்றை இடிக்க யாராவது வாய் திறப்பார்களா? 2005-ல் ராயபுரத்தைப் பழுதுபார்த்துத் திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் வர்ணம் அடித்தால் மட்டும் கட்டடம் வாழாது. ஆள் புழங்க வேண்டும்.

எண்ணூருக்குச் சாம்பல், மணலிக்குப் புகை, கொடுங்கையூருக்குக் குப்பை. ஊருக்கு வேண்டாததெல்லாம் வடசென்னைக்கு வரும். வெளியூர் ரயில் மட்டும் வராது. திருவொற்றியூர்க்காரர் மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அலைய வேண்டும். இந்த நியாயமான கோபத்தை ஒரு கட்டடத்தின் மேல் காட்டாதே தம்பி. கட்டடமும் வேண்டும், ரயிலும் வேண்டும் என்று கேள்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் வருஷா வருஷம் "முதல் ரயில் எங்கே ஓடியது?" என்று கேட்டு, "பம்பாய் – தானே" என்று எழுதியவர்களுக்கு ஒரு மார்க் போட்டேன். பதில் சரிதான். ஆனால் பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஒரு நாளும் உங்களைக் கூட்டிப்போனதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாததால் எனக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தெரியாமல் போனதில் என் பங்கும் இருக்கிறது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை லோக்கல் ரயிலில் அழைத்துப்போய் ராயபுரத்தில் இறங்குங்கள். அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் விட்ட பாடத்தை நீங்கள் நடத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்