ஸ்ட்ராங் காப்பி எத்தனை மில்லி?

‘ஸ்ட்ராங்கா ஒரு காப்பி’ என்று நாகர்கோவிலில் ஒருவர் கேட்டால், அவர் மனதில் இருப்பது மூன்றில் ஒன்று: நிறம் கருக்க வேண்டும், நாக்கில் கசப்பு ஏற வேண்டும், அல்லது தூக்கம் கலைய வேண்டும். போடுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு ஃபில்டரில் பொடியை இன்னொரு கரண்டி கூட்டிவிடுகிறோம். காப்பி கருக்கும், கேட்டது கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

நிறத்தை முதலில் பார்ப்போம். நம்மை அதிகம் ஏமாற்றுவது அதுதான், ஏமாற்றும் பொருள் சிக்கரி. அது ஒரு செடியின் வேர்; வறுத்து இடித்துப் பொடியோடு கலக்கிறார்கள். வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் வெந்நீரில் கரைந்துவிடும். காப்பிப்பொடியிலோ முட்டிமோதினாலும் 30 சதவீதத்துக்கு மேல் கரையாது. பதமாக இறக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே சிக்கரி கூடக் கூட டிக்காஷன் கறுத்து, கெட்டியாகி, பாலில் விட்டதும் நல்ல செம்மண் நிறம் தரும். ஆனால் தூக்கத்தைக் கலைக்கும் காஃபீன் சிக்கரியில் துளியும் இல்லை. கலவைப் பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிடவும் வேண்டும். அதாவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி சிக்கரியை விற்பது குற்றமல்ல. வாங்குகிறவர் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் கொட்டையை வறுத்து அரைத்து வாங்குகிறவர்கள், ‘அண்ணாச்சி, நூறுக்கு இருபது சிக்கரி போதும்’ என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ‘கொஞ்சம் போடுங்க’ என்றால் அந்தக் கொஞ்சம் அவருடைய கொஞ்சம்.

பீபெரி கேட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்தால் அது பீபெரி. வீரியம் உருண்டையில் இல்லை, இனத்தில் இருக்கிறது. அராபிக்காவில் காஃபீன் ஏறத்தாழ 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் 2.2 சதவீதம்.

இனி ஃபில்டர். இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி. மேல் பாத்திரத்தில் பரப்பி, குடையால் லேசாக அழுத்தி, கொதித்து இறக்கிய தண்ணீர் 120 மில்லி விட வேண்டும். கீழே 120 மில்லி வராது. பொடி தன் எடையைப் போல் இரு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்; ஆகவே 40 மில்லி அங்கேயே நின்று, 80 மில்லி இறங்கும். ஆளுக்கு 40. அதனுடன் 110 மில்லி பால் சேர்ந்தால் 150 மில்லி காப்பி. இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு அவரவர் நாக்குக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு வீட்டுக் கரண்டி இன்னொரு வீட்டுக் கரண்டியைப் போல் இருப்பதில்லை. குவித்து அள்ளுவதும் வழித்து அள்ளுவதும் ஒன்றல்ல. சின்னத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தச் சண்டை தீர்ந்தது.

ஐந்து நிமிஷத்தில் எல்லாம் ஒழுகிவிட்டால் பொடி பரும்பொடி, அல்லது குடையை அழுத்தவில்லை. அப்போது டிக்காஷன் புளிப்பும் நீர்ப்பும்தான். ஒரு மணி நேரமாகியும் சொட்டவில்லையென்றால் பொடி மாவாகிவிட்டது, அல்லது துளைகள் அடைத்துவிட்டன. வெறும் பாத்திரத்தைத் தீயில் காட்டித் துளையில் அடைத்ததை எரித்துவிடுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. கசப்பு வேறு கதை: பொடியிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்த பிறகும் வெந்நீர் போய்க்கொண்டிருந்தால் கசப்புதான் வரும். இரண்டாம் டிக்காஷனில் நாக்கு உணரும் ‘ஸ்ட்ராங்’ அதுவே. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லாக்ஹார்ட் 1950-களில் காப்பியை ஆராய்ந்தபோது, செறிவு ஒரு கணக்கு, பொடியிலிருந்து கரைந்து வந்த பங்கு வேறொரு கணக்கு என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். நம் வீட்டு அடுப்படிக்கும் அது பொருந்தும்.

குமரி மாவட்டம் பெருமளவுக்குச் சாயாவின் நாடு என்பதை மறக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அசம்பு மலையில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள். இலைத்துரு நோய் அதை அழித்துவிட்டது. இன்று அந்தப் பக்கம் ரப்பரும் கிராம்பும். ஃபில்டர் இல்லாத வீடுகளில் கொதிக்கும் தண்ணீரில் பொடியைப் போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கட்டன் காப்பி போடுவார்கள். அடுப்பில் பொங்கப் பொங்கக் கொதித்தால் கசப்பு முழுவதும் இறங்கும். அடுப்பை அணைத்துவிட்டுப் பொடியைப் போட்டு, மூடி, நாலு நிமிஷம் கழித்து வடித்துப் பாருங்கள். பால் சேர்ப்பதானால் கருப்பட்டிப் பாகை இறக்கிய பிறகு விடுவது நல்லது. சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரியும்.

தம்ளருக்கு வருவோம். உங்கள் வீட்டுத் தம்ளர் எத்தனை மில்லி? பெரும்பாலானோருக்குத் தெரியாது. தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, வெறும் தம்ளரின் எடையைக் கழித்தால் கிராம் கணக்கே மில்லி கணக்கு. பழைய டவரா செட்டின் தம்ளர் 150 மில்லியை ஒட்டியிருந்தால், பரிசாக வரும் பீங்கான் கோப்பை 250 மில்லி பிடிக்கும். அதே நிறத்தில் அதை நிரப்ப 40 மில்லி டிக்காஷன் போதாது, 67 மில்லி வேண்டும். வாயில் இரண்டும் ஒரே ‘ஸ்ட்ராங்’தான். உடம்புக்குள் போவது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. மறுபுறம், 40 மில்லி டிக்காஷனைப் பெரிய கோப்பையில் விட்டுப் பாலைக் கூட்டி ‘லைட்டாக’க் குடித்தாலும் காஃபீன் குறையாது. ரசத்தில் உப்புக் கூடிப்போனால் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டுகிறோம். கரிப்பு குறைகிறது, உப்பு பானையில் அப்படியே கிடக்கிறது.

எண்ணிப் பார்க்கலாம். 10 கிராம் பொடியில் 20 சதவீதம் சிக்கரி போனால் காப்பி 8 கிராம். எல்லாம் அராபிக்கா என்றால் அதிகபட்சம் 96 மில்லிகிராம் காஃபீன். பாதி ரோபஸ்டா கலந்தால் 136. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. சின்னத் தம்ளரில் அராபிக்கா மூன்று வேளை தாங்கும். பாதி ரோபஸ்டா என்றால் இரண்டோடு நிறுத்த வேண்டும். பெரிய கோப்பைக்காரர் இரண்டாவது கோப்பையிலேயே எல்லையைத் தாண்டிவிடுவார், ‘ரெண்டு காப்பிதானே குடிக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே. கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு 200.

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காப்பியோ சாயாவோ வேண்டாம், அவற்றிலுள்ள டானின் உணவின் இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாது. காலைப் பலகாரத்தையே காப்பிகுடி என்று சொல்லும் ஊரில் இது எடுபடுவது கடினம். ஆனாலும் ரத்தசோகை உள்ள பெண்கள் இட்லியோடு வரும் அந்தத் தம்ளரைப் பதினோரு மணிக்குத் தள்ளிவைக்கலாம். டிக்காஷன் மூடிவைத்தால் அதுவரை கெடாது.