ஆயில் குறையவே இல்லையா? அங்கேதான் சந்தேகம்!

அமெரிக்காவில் டீசல் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வசனம் ஒன்று உண்டு. "ஐயாயிரம் மைல் ஓட்டியாச்சு, ஒரு சொட்டு ஆயில் குறையலை!" கேட்பவரும் "நல்ல என்ஜின்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

ஆனால் பெருமைப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாரம் இழுக்கிற பெரிய டீசல் என்ஜின் கொஞ்சமாவது ஆயிலைச் செலவழிக்கும். அப்படிச் செலவான இடத்தை வேறு ஏதாவது வந்து நிரப்புகிறதா? டிப்ஸ்டிக்கில் அளவு மேலே ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், எதுவோ உள்ளே வருகிறது. அளவு அப்படியே நின்றாலும் நிம்மதி கிடையாது. ஒரு பக்கம் ஆயில் எரிந்து குறைய, மறு பக்கம் டீசல் கசிந்து சேர்ந்தால், அளவு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். இருப்பதிலேயே ஆபத்தான நிலை இதுதான்!

பெட்ரோல் என்ஜினிலும் எரிபொருள் ஆயிலில் கலக்கும். ஆனால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. என்ஜின் நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடினால் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். டீசல் அப்படியல்ல. அது சுமார் 180 முதல் 360 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் கொதிக்கிறது. ஆயிலின் சூடோ வழக்கமாக 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே உள்ளே வந்த டீசலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். பயோடீசல் கலந்த எரிபொருள் என்றால் இன்னும் பிடிவாதம்.

வந்தால் என்ன? 15W-40 ஆயில் 100 டிகிரியில் குறைந்தது 12.5 சென்டிஸ்டோக்ஸ் பிசுபிசுப்பு உள்ளதாக இருக்க வேண்டும். 5 சதவீதம் டீசல் கலந்தாலே அது 30 கிரேடு ஆயில் அளவுக்கு நீர்த்துப் போகக்கூடும். பத்து குவார்ட், அதாவது ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர் ஆயில் பிடிக்கிற என்ஜினில் 5 சதவீதம் என்பது அரை லிட்டருக்கும் குறைவு. அவ்வளவுதான்! பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கிற ஆயில் படலம் மெலிந்து, உலோகமும் உலோகமும் உரச ஆரம்பிக்கும். கசிவு அதிகமாகி அளவு ரொம்ப ஏறிவிட்டால், என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் இருக்கிறது.

சரி, டீசல் எந்த வழியாக உள்ளே போகிறது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லா டிரக்குக்கும் ஒரே பதில் கிடையாது.

2001 முதல் 2004 வரை ஷெவர்லே, ஜி.எம்.சி டிரக்குகளில் வந்த LB7 டியூராமேக்ஸ் என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். காமன் ரெயில் முறை, 1600 பார் அழுத்தம். அதன் இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு அடியில் இருந்தன. இன்ஜெக்டரின் உடம்பில் விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாது, நேராக ஆயிலில் போய்ச் சேரும். தரையில் ஒரு துளி இருக்காது, உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. பிரச்சினை பெரிதாகி, ஜி.எம். நிறுவனமே இன்ஜெக்டர்களுக்கான பொறுப்பை 7 வருடம் அல்லது 2 லட்சம் மைல் என்று நீட்டித்தது. அடுத்து வந்த LLY என்ஜினில் இன்ஜெக்டர்களை வால்வு கவருக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், 2008 முதல் 2010 வரையிலான ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். இங்கே எதுவும் உடையாமலேயே டீசல் ஆயிலுக்குப் போகும்! அமெரிக்காவில் 2007 முதல் நடைமுறைக்கு வந்த மாசு விதிகளால், புகையில் வரும் கரியைப் பிடிக்க வடிகட்டி ஒன்று தேவைப்பட்டது. DPF என்று அழைக்கப்படுவது அதுதான். அதில் சேர்கிற கரியை அவ்வப்போது எரிக்க வேண்டும். அதற்கான சூட்டை உண்டாக்க, சிலிண்டரில் எரிதல் முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறார்கள். அது எரியாமல் வெளியேறி, சைலன்சர் குழாயில் இருக்கிற கேட்டலிஸ்டில் எரிய வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. கடைக்கும் வீட்டுக்குமாகக் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் இந்தச் சுத்திகரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழே. இதைத் தவிர்க்கத்தான் 2011-இல் வந்த LML டியூராமேக்ஸில் ஒன்பதாவதாக ஒரு இன்ஜெக்டரை சைலன்சர் குழாயிலேயே பொருத்தினார்கள்.

ஆக, முதல் கேள்வி இதுதான்: வண்டியில் DPF இருக்கிறதா, இல்லையா? இல்லாத பழைய வண்டியில் ஆயில் ஏறினால் இன்ஜெக்டர், அதன் ஓ-ரிங், எரிபொருள் பம்பின் சீல் என்று எங்கோ பழுது இருக்கிறது. இருக்கிற வண்டி என்றால் இரண்டு காரணமும் சாத்தியம். பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பிரித்துப் பார்ப்பதும் பெரிய மந்திர வேலை அல்ல, வரிசைதான் முக்கியம்.

முதலில் டிப்ஸ்டிக். சமதரையில், என்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஆயில் மாற்றியவர் அதிகமாக ஊற்றிவிட்டாரா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நிறத்தை நம்ப வேண்டாம், டீசல் என்ஜின் ஆயில் எப்படியும் கருப்புதான். பால் போலக் கலங்கியிருந்தால் அது டீசல் அல்ல, கூலன்ட் அல்லது தண்ணீர். முகர்ந்து பார்ப்பதும், காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பரவுவதைப் பார்ப்பதும் சந்தேகத்தை எழுப்பும், ஆனால் தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புக்கு ஆய்வுக்கூடம். சின்ன பாட்டிலில் ஆயிலை எடுத்து அனுப்பினால், எத்தனை சதவீதம் எரிபொருள், பிசுபிசுப்பு எவ்வளவு, தேய்ந்த உலோகம் எவ்வளவு என்று எழுதி அனுப்புகிறார்கள். செலவு சில பத்து டாலர்கள். அளவு அசையாமல் நின்று ஏமாற்றுகிற வண்டியைப் பிடிக்க இதுதான் வழி. டீசல் கலந்தது உறுதியானால், ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டு, சுத்திகரிப்பு எத்தனை தடவை நடந்தது என்று குறித்துக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி ஒரு மாதிரி அனுப்ப வேண்டும். சுத்திகரிப்பு அதிகம் நடக்காமலேயே டீசல் ஏறுகிறது என்றால் கசிவின் மேல்தான் சந்தேகம். அதற்குப் பிறகுதான் டீசலில் ஒளிரும் சாயம் கலந்து, வால்வு கவரைக் கழற்றி, புற ஊதா விளக்கில் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தேடும் வேலை.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். ஒரு கூட்டம் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு மறந்துவிடுகிறது. மாதிரி எடுக்காமல் கொட்டிய ஆயில், கொட்டிப்போன சாட்சி! இன்னொரு கூட்டம் எடுத்த எடுப்பிலேயே எட்டு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறது. ஆயிரக்கணக்கான டாலர் போன பிறகு, குற்றவாளி பம்பின் சீல் என்று தெரிந்தால் யாரிடம் போய் அழுவது?

மூன்றாவது கூட்டம் DPF-தான் வில்லன் என்று முடிவுகட்டி அதையே பிடுங்கி எறிகிறது. 2009 முதல் 2019 வரையிலான காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ 2020-இல் மதிப்பிட்டது. கிளீன் ஏர் ஆக்ட் சட்டம் இதைத் தடை செய்கிறது. சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்தாலும் கணக்கு உதைக்கிறது. வடிகட்டி சம்பந்தப்பட்ட எரிச்சல் நிஜம்தான், 6.4 என்ஜின் வடிவமைப்பின் குறையும் நிஜம்தான். ஆனால் இன்ஜெக்டர் விரிசல் விட்ட வண்டியில் வடிகட்டியைக் கழற்றினால் கரி ஊருக்கு, கசிவு அப்படியே வண்டிக்கு. எந்தப் பிரச்சினை தீர்ந்தது?

காய்ச்சல் என்று வருகிறவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆபரேஷன் செய்கிற டாக்டரை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. மெக்கானிக் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை தாராளம்? பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டியது, "எத்தனை மைல் ஓடியிருக்கிறது?" என்பதோடு சேர்த்து இன்னொன்று: "கடைசி ஆயில் ரிப்போர்ட் இருக்கிறதா?" இல்லை என்றால், பணம் கொடுப்பதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டில் ஆயிலை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிடுவது நல்லது.