செவிமேல் ஏன் பழி?

வெண்பலகையில் உள்ளதைப் படியெடுக்குமாறு மாணவரைப் பணித்துவிட்டு, அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாடத்தையும் விளக்கும் வழக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பின்னர் வினவும்போது விடை வராவிடின், "காது செவிடா?" என்னும் கடுஞ்சொல் பிறக்கிறது. காது செவிடன்று, கருத்து எழுத்தில் இருந்தது. அதனை அங்கே அனுப்பியவர் ஆசிரியரே.

செவி திறந்திருந்தால் பொருள் தானே உட்புகும் என்பது மயக்கம். இங்கிலாந்து அறிஞர் காலின் செரி 1953இல் வெளியிட்ட ஆய்வு அதனை உடைத்தது. இரு செவிகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒரு செவியில் விழுவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மறுசெவியில் ஒலித்தது ஆண்குரலா பெண்குரலா என்பதைக் கேட்டோர் அறிந்திருந்தனர். பேசப்பட்ட பொருளை அறியவில்லை. ஆங்கிலம் இடையில் ஜெர்மன் மொழியாக மாறியதையே உணராதோர் பலர். மொழி மாறியதே தெரியாதபோது லகர, ளகர, ழகர வேறுபாடு எங்ஙனம் விளங்கும்? சொல்வதெழுதலில் விழும் சிவப்புக் கோடுகளுள் எத்தனை பிள்ளையின் பிழை, எத்தனை வகுப்பறையின் பிழை என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நெவில் மோரே 1959இல் மேலும் ஒன்று கண்டார். கவனியாத செவியில் ஒரே சொற்களை 35 முறை ஒலிக்கச் செய்தும் அவை நினைவில் நிற்கவில்லை. தம் பெயர் ஒலித்ததை மட்டும் சிலர் உணர்ந்தனர். "பெயரைச் சொன்னால் மட்டும் கேட்கிறதோ?" என்று எள்ளி நகையாடும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் பிள்ளையைத் தட்டி எழுப்புகிறது. அதற்கு முன் சொன்ன வாக்கியமோ போனது போனதுதான். வினாவை முதலிற் கேட்டுப் பெயரைப் பின்னர்ச் சொல்க என்று ஆசிரியர் பயிற்சியில் கற்பிப்பது நன்றே. ஆனால், அது கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்புக்கு உரியது, எழுதிக்கொண்டிருக்கும் வகுப்புக்கு அன்று.

1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தவில்லையா என்று வாதிடுவாரும் உளர். அது பல்லாண்டுப் பயிற்சியின் பயன். அவதானியும் கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, நினைவின் வலிமையால் மீள்கிறார். எல்லார்க்கும் கைவருவதாயின் அதனைக் காண அரங்கு நிறையுமா? பத்து வயதுப் பிள்ளையிடம் அதனை நாள்தோறும் எதிர்பார்ப்பது எந்த முறை?

எழுதுகோலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பேசினால் பாடத்திட்டம் முடியாது என்பது அடுத்த முறையீடு. யாரும் கேளாத பாடம் நாட்குறிப்பில் மட்டும் முடிந்து என்ன பயன்?