மூச்சின் காரணம் தேடுவோர் யார்?

திண்டுக்கல் என்றதும் பூட்டும் தோலும் நினைவுக்கு வரும். ஊரைச் சூழ்ந்த சமவெளியில் நூற்பாலைகளும் பல. பஞ்சுத்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போர் சிலருக்கு, விடுமுறை கழிந்து ஆலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். ஆஸ்துமாவைப் போன்றே மூச்சுக்குழல்கள் சுருங்கும். பிசினோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு மருந்தளிக்க மருத்துவர் உளர். மூச்சு ஏன் திணறுகிறது என ஆராய்வோர் எத்துணைப் பேர்?

அவ்வினாவில் ஆழ்ந்தவர் உடலியங்கியல் அறிஞர் அவதார் சிங் பெயிண்டால் (1925–2004). லக்னோவில் மருத்துவப் பட்டம் பெற்றும் ஆய்வுக்கூடத்தையே தேர்ந்தார். நுரையீரலின் நுண்குழாய்களருகே நீர் கோக்கும்போது மூளைக்குச் செய்தி விடுக்கும் நரம்பு முனைகளை 1955இல் கண்டறிந்தார். 'ஜே ஏற்பிகள்' எனப் பெயர் பெற்ற அவை, மூச்சுத் திணறலை விளங்கிக்கொள்ளப் புதுவழி காட்டின. டில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தை 1964 முதல் 1990 வரை வழிநடத்தினார். 1981இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

மாணவச் செல்வங்களே, மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாவிடில் வாழ்வே முடிந்ததென மயங்காதீர்; விலங்கியலும் உயிர்வேதியியலும் இத்துறைக்கு வாயில்களே. சமுதாயப் பெரியோர்களே, உடனே ஊதியம் தராத ஆராய்ச்சிக் கல்விக்கும் சில ஆண்டுகள் பொறுமையுடன் கைகொடுங்கள். ஆலைத் தொழிலாளியின் பிள்ளை தன் தந்தையின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் தேடும் ஆய்வாளராக உயர்வதே நாம் வேண்டும் பெருமை.