திருத்த மனுவா? பொய்க்கு மறு பிறப்பா?

கோர்ட்டுக்குப் போகின்றவர்களை நாம் ஒரு கேள்வி கேட்கின்றோம். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிராதையும், அதோடு சேர்த்த பிரமாணப் பத்திரத்தையும் படித்துப் பார்த்தீர்களா? படிக்கத் தெரியாவிட்டால் பிறரைப் படிக்கச் சொல்லியாவது கேட்டீர்களா? "எல்லாம் வக்கீல் பார்த்துக் கொள்வார்" என்பதே பெரும்பாலோர் பதிலாகும். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கும் நம் மக்கள், நிலமும் வீடும் போய்விடக் கூடிய காகிதத்தில் கண்ணை மூடிக் கொண்டு கைநாட்டு வைப்பதைவிட முட்டாள்தனம் வேறுண்டா?

வழக்கில் எழுதிக் கொடுத்ததைப் பின்னால் திருத்திக் கொள்ள, 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் 6-வது கட்டளை 17-வது விதி இடங்கொடுக்கின்றது. அது நியாயமே. சர்வே நம்பர் தவறியிருக்கலாம். வழக்கு நடக்கும்போதே சொத்து கைமாறியிருக்கலாம். தவறை ஒப்புக் கொண்டு திருத்துவது அறிவுடைமையாகும். ஆனால் அந்த விதியைக் கொண்டு சிலர் செய்வதென்ன?

ஓர் உதாரணம் சொல்லுவோம். இறந்துபோன தம்பியின் மனைவி பாகம் கேட்டு வழக்குப் போடுகின்றாள். "பாகம் அப்போதே ஆகிவிட்டது, தம்பி பங்கை வாங்கிக் கொண்டான்" என்று அண்ணன் பதில் எழுதி, அது உண்மையென்று பிரமாணமும் செய்கின்றான். சாட்சி விசாரணையில் குட்டு வெளிப்பட்டதும், "தகப்பனார் எனக்கே உயில் எழுதி வைத்தார்" என்று சேர்த்துக் கொள்ளத் திருத்த மனுப் போடுகின்றான். உயில் உண்மையானால் பாகம் ஏன் ஆயிற்று? பாகம் உண்மையானால் உயில் எங்கிருந்து முளைத்தது? இதற்கிடையில் அந்த அம்மாள் கூலி வேலையை விட்டு, பஸ்ஸுக்குக் கடன் வாங்கி, வாய்தாவுக்கு வாய்தா நடந்து தேய்கின்றாள். பொய்யனுக்கு லாபம் தீர்ப்பிலல்ல, இந்தத் தாமதத்திலேதான்.

இதைத் தடுக்கவே, விசாரணை ஆரம்பித்த பிறகு, தக்க ஜாக்கிரதை எடுத்தும் முன்னமே சொல்ல முடியவில்லை என்று கோர்ட்டு கண்டாலொழியத் திருத்தம் கூடாதென்று 2002-ல் விதி செய்யப்பட்டது. வழக்குரையோடு பிரமாணப் பத்திரமும் அப்போதுதான் கட்டாயமாயிற்று. இந்தப் பத்திரம் அநாவசியமென்று வாதம் எழுந்தபோது, சேலம் வக்கீல் சங்கத்தார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் அதை மறுத்து, இது கையெழுத்திட்டவன் மேல் அதிகப் பொறுப்பைச் சுமத்துகின்றதென்றும், வழக்குரையைத் திருத்தினால் புதிய பிரமாணப் பத்திரம் தர வேண்டுமென்றும் தீர்ப்புச் சொல்லிற்று. அப்படியானால் பழைய பத்திரத்தையும் புதிய பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்யன் யாரென்பது விளங்காதா?

"கடவுளறியச் சத்தியம் செய்தவன் பொய் சொல்லுவானா?" என்பார்கள். சொல்லமாட்டான் என்றால் பொய்ச் சாட்சியத்துக்குத் தண்டனை எதற்கு? கடவுளை இழுக்காமல் உறுதிமொழி கூற 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் இடம் தருகின்றது. யார் பேரால் சொன்னாலும் பொய்யென்றால் குற்றம் ஒன்றே. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 229-வது பிரிவுப்படி 7 வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் நஷ்டப்பட்டவன் இதற்கு நேராக வழக்குப் போட முடியாது; அந்தக் கோர்ட்டோ, அதன் மேல் கோர்ட்டோதான் புகார் செய்ய வேண்டும். கோர்ட்டார் அபராதத் தொகை வாங்கிக் கொண்டு திருத்தத்தை அனுமதித்துவிட்டால், 7 வருஷம் என்பது காகிதத்து வீரமன்றி வேறென்ன?

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்" என்று பழமொழி வைத்துக் கொண்ட நாடு இது. கல்யாணத்திற்குச் சொன்ன பொய்யை இன்று வழக்கிற்கும் சொல்லுகின்றோம். ஆகவே தோழர்களே! வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரில் அறிந்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தவறு கண்டால் அன்றைக்கே திருத்துங்கள். பத்திரத்தில் இருப்பது வக்கீல் கையெழுத்து மட்டுமல்ல. அதன் உண்மைக்கு ஜவாப்தாரி நீங்களேயாவீர்கள்.